ஓர் உலகத்துக்கு ஒரு தமயந்தி

"பாத்து வா. வாசப்படி முன்ன மாதிரி இல்ல, நாலு விரல் ஒசத்திக் கட்டியிருக்கு. தடுக்கிராத."

சொன்ன குரலைக் கேட்டதும் தமயந்திக்குச் சொன்ன விஷயம் மறந்துபோயிற்று. தடுக்கியேவிட்டாள். தம்பி நாகு தாங்கிப் பிடித்திராவிட்டால், பத்தொன்பது வருஷம் கழித்து வீடு திரும்பியவள் நடையிலேயே குப்புற விழுந்திருப்பாள்.

குரல் அவளுடையது. அது கூடத்துச் சுவரிலிருந்து வந்தது.

"குரல்ல என்ன இவ்வளவு கரகரப்பு?" என்றாள் தமயந்தி, மூச்சு வாங்க. "நான் விட்டுட்டுப் போறப்ப முப்பத்துமூணு வயசுக் குரலாத்தானே இருந்துச்சு?"

"பிள்ளை வளர வளர அம்மா குரல் மட்டும் அப்பிடியே இருந்தா நல்லாவா இருக்கும்? வருஷத்துக்குக் கொஞ்சமா நானே ஏத்திக்கிட்டேன். இப்ப உன்னையக் கேக்கும்போது ரெண்டு வயசு கூடப் போட்டுட்டனோன்னு இருக்கு."

நாகு சிரித்தான். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது ஒன்று. கண்ணாடி நம்மைவிட முந்திக்கொண்டு பேசுவது வேறு.

வியாழனைச் சுற்றுகிற கனிமீட் என்ற துணைக்கோளில், பனியை உருக்கித் தண்ணீராக்கும் நிலையத்தில் பம்புப் பொறியாளர் வேலை கிடைத்தபோது தமயந்தியின் கணவன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் சுடர்க்கொடிக்கு ஐந்து வயது. செவ்வாயைத் தாண்டிப் போகிறவர்கள் தங்கள் மனதைப் பிரதி எடுத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று சட்டம் வந்திருந்த புதிது. ஜனங்கள் அதை நிழல் என்றார்கள். நிழலுக்கு வீட்டின் கண்ணும் காதும் வாயும் உண்டு. உடம்பு கிடையாது. பூமியில் நிழலுக்கு உடம்பு தரக் கூடாது என்று அதே சட்டம் சொன்னது. ஐந்து வருஷ ஒப்பந்தம் என்றுதான் போனாள். திரும்பும் கப்பல் ஒரு தடவை பழுதாகி நின்றது, ஒரு தடவை வரவேயில்லை. அங்கே இருந்தவளும் இங்கே இருந்தவளும் வாரம் தவறாமல் குரல் கடிதம் அனுப்பிக்கொண்டார்கள். ஒரு கடிதம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

சாயங்காலம் சுடர் வேலையிலிருந்து வந்தாள். திண்டுக்கல்லிலேயே பெரிய விதைக் கிடங்கில் அவளுக்கு வேலை. இருபத்துநாலு வயது. அப்பனைப் போல நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் கை கூப்பினாள்.

"வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? கனம் தாங்குறீங்களா? அங்க இங்கத்தைவிட ஏழுல ஒரு பங்குதானாமே?"

"கப்பல்ல ரெண்டு வருஷமா பழக்கித்தான் கொண்டு வந்தாங்கடி. முட்டிதான் கேக்க மாட்டேங்குது."

"தைலம் இருக்கு, எடுத்துத் தரச் சொல்றேன்." அடுத்த நொடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். "அம்மா, என் பச்சைத் துப்பட்டா எங்க கெடக்கு? நாளைக்கு வேணும்."

"ரெண்டாவது தட்டுல பாரு. கண்ணு முன்னாடியே இருக்கும், உனக்குத்தான் தெரியாது."

"பாத்துச் சொல்ல நீ இருக்கும்போது நான் ஏன் தேடப்போறேன்?"

தமயந்தி மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டாள். மகளுக்கு ஒரு 'வாங்க'வும் ஒரு 'நீ'யும் இருந்தன. 'நீ' சுவருக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் சேர்ப்பு அலுவலகத்திலிருந்து டாக்டர் ஜெசிந்தா வந்தார். காபியைக் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஒரே உலகத்துல ஒரு ஆள் ரெண்டா இருக்கக் கூடாதும்மா. நீங்க அங்க, அவங்க இங்கன்னு இருந்த வரைக்கும் சட்டத்துக்கு ஒண்ணும் இல்ல. இப்ப ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கீங்க. முப்பது நாளைக்குள்ள ரெண்டு மனசையும் ஒண்ணாச் சேத்தாகணும்."

"சேத்தா எப்பிடி இருக்கும்?"

"தோட்டத்துல செம்மண்ணு கெடக்குன்னு வைங்க. அதுமேல ஒரு லோடு கரிசலைக் கொட்டிப் பரப்புறோம். பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா வேர் போய் நிக்கிறது அடி மண்ணுல. உங்க உடம்புல ஒருத்தர் அடியா இருப்பாங்க. இன்னொருத்தர் எப்பவோ பாத்த படம் மாதிரி ஞாபகத்துல இருப்பாங்க."

"நல்ல படமா, மொக்கைப் படமா டாக்டரம்மா?" என்று சுவர் கேட்டது.

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்தார். "யாரு அடின்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லணும். மகளும் தனியா எழுதிக் குடுக்கணும். ஒத்துவரலேன்னா மகள் எழுதினதுக்குத்தான் மதிப்பு அதிகம். ஏன்னா கூட வாழப்போறது அவங்கதான்."

சுடர் தாளை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யாரையும் பார்க்கவில்லை.

பதினைந்தாம் நாள் சுடருக்கு நிச்சயதார்த்தம். தமயந்தி வந்து சேரட்டும் என்றே தள்ளி வைத்திருந்தார்கள். அன்று காலை அவளைப் பிடிக்க ஆளில்லை. கண்டாங்கிச் சேலை கட்டி, கொண்டை நிறையக் கனகாம்பரம் வைத்து, தாம்பூலத் தட்டை வந்து குனிந்து பார்த்தாள்.

"விரலி மஞ்சள் எங்கடா நாகு?"

"அதெல்லாம் இப்ப யாரு வக்கிறாக்கா? மாப்பிள்ளை வீட்டுல மரக்கன்னு ஒண்ணு, பொண்ணு வீட்டுல மரக்கன்னு ஒண்ணு, மாத்திக்குவாங்க. அம்புட்டுத்தான்."

"மஞ்சள் இல்லாம நிச்சயமா? கனிமீட்ல எங்க ஆளுங்க கேட்டாச் சிரிப்பாங்க."

"அங்கயும் நிச்சயதார்த்தம் நடக்குதாக்கும்?"

"ஏன் நடக்காது? நான் நடத்தி வச்சேன், நாலு. வருஷம் தவறாமப் பொங்கல் வச்சிருக்கேன்டா. வெளிய போற காத்தறைக் கதவுக்கு முன்னாடி பம்புத் தூசியில கோலம் போடுவேன். கிப்ரோனோன்னு ஒருத்தன், கென்யாக்காரன், ஆள் மலை மாதிரி இருப்பான். புள்ளி வச்சுக் குடுத்தான்னா அச்சு மாதிரி இருக்கும். என் பேரே அங்க தமிழம்மாதான்."

சுடர் பூ வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், "நீங்க பேசுறதே எங்களுக்குப் பழைய காலத்து நாடகம் பாக்குற மாதிரி இருக்கு." குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் தமயந்திக்குத் தைத்தது. ஒரு ஊரைப் பத்தொன்பது வருஷம் நெஞ்சுக்குள் கண்ணாடிப் பெட்டி போட்டுக் காத்து வந்திருந்தாள். பெட்டியைத் திறந்தால், ஊர் எப்போதோ எழுந்து நடந்து போயிருந்தது.

மரக்கன்றுகள் கை மாறின. பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா இராசாத்தியம்மாளுக்குப் பக்கத்தில் தமயந்திக்கு இலை. அவள் அழாமல் சாப்பிட்டதே பெரிய காரியம். வாழையிலையில் சுடுசோறு விழுகிற வாசனைக்காகவே நாற்பது கோடி மைல் வரலாம் என்று தோன்றியது. கடைசியில் பாயசத்தை வழித்து நக்கிவிட்டு இலையை மடித்தாள்.

பந்தியில் பேச்சு நின்றது.

இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடியிருந்தாள். நல்ல காரியத்தில் மேல்பாதியைத் தன் பக்கமாக இழுத்து மூட வேண்டும். உறவு நம் பக்கம் வரட்டும் என்று அர்த்தம். தள்ளி மூடுவது இழவு வீட்டில் மட்டும்.

"எங்க வீட்டுல கருமாதிக்குத்தான் இப்பிடி மடிப்போம்," என்றார் இராசாத்தியம்மாள். கத்தவில்லை. அதுவே பயமாக இருந்தது.

தமயந்தி தன் கையையே பார்த்தாள். அடுத்தவர் கை போலிருந்தது.

சுவர் பேசியது. "சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. அவ இருந்த எடத்துல கனம் கம்மி. சாப்பாட்டுத் தட்டு மூடியைத் தன் பக்கமா இழுத்து மூடினா, உள்ள இருக்குற ரசம் எழும்பி மூஞ்சியில வந்து உக்காந்துக்கும். அதனால எல்லாரும் எதிர்ப்பக்கமாத் தள்ளித்தான் மூடுவாங்க. அத்தனை வருஷம் தினம் மூணு வேளை. மனசு மறக்கல, கைதான் மறந்துருச்சு."

இராசாத்தியம்மாள் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். "நீங்க சொன்னாச் சரிதான் தமயந்தியம்மா. உங்களை எனக்குத் தெரியாதா?"

பேர் சொல்லிச் சுவரைக் கூப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார். பேருக்கு உரியவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள்.

கொல்லையில் சுடர் அவளைப் பிடித்துக்கொண்டாள். "இது கூடவா தெரியாமப் போச்சு உங்களுக்கு?"

"தெரியும்டி. அங்க உள்ளவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். வாழையிலையே இல்லாத ஊர்ல படம் வரைஞ்சு காட்டி, எந்தப் பக்கம் மடிச்சா என்ன அர்த்தம்னு."

சுடருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். "நாளைக்கு டாக்டர் வருவாங்க. நான் எழுதினதைப் படிப்பாங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். வீட்டு அம்மாதான் அடியா இருக்கணும்னு எழுதி அனுப்பியிருக்கேன். என்னைய மன்னிச்சுக்கங்க. எனக்கு அம்மை போட்டப்ப கதை சொன்னது அவ. பரீட்சைக்கு எழுப்பினது அவ. நீங்க நல்லவங்க. ஆனா உங்களை எனக்கு வாரத்துக்கு ஒரு கடிதமாத்தான் தெரியும்."

தமயந்தி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உடம்பின் கனம் முழுதும் அப்போதுதான் தெரிந்தது.

"சரிதான்டி," என்றாள். "நியாயந்தான்."

மறுநாள் டாக்டர் வருவதற்கு முன், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். சுவரில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி வில்லை. அதுதான் மற்றவளுடைய கண்.

"அவ எழுதினது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். வேண்டாம்னு சொன்னேன். கேக்கல. பிடிவாதம் யாரு மாதிரின்னு சொல்லணுமா?"

"ஏன் வேண்டாம்ன? உடம்பு கெடைக்கும். மகளைக் கட்டிப் பிடிச்சுக்கலாம்."

"உன் முட்டி வலியும் சேந்துல்ல வரும்," என்றது சுவர். "தமயந்தி, ஒண்ணு கேக்கட்டா? மொத நாள் அங்க நிலையத்து உச்சியில கண்ணாடிக் கூண்டுல ஏறி நின்னியே, அதைச் சொல்லு."

"கடிதத்துலதான் சொல்லியிருக்கேனே."

"எழுநூறு தடவை கேட்டாச்சு. நேர்ல சொல்லு."

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். "ஏணியில ஏறினேன். மேல போய் நிமிந்து பாத்தா, வானத்தைக் காணோம். அந்த எடத்துல வியாழன் நிக்குது. பதினஞ்சு நிலாவை ஒட்டி ஒட்டி வச்ச அகலம். பட்டை பட்டையா, பால்ல காப்பி கலக்கும்போது சுத்துமே, அந்த மாதிரி. அது உதிக்காது, அடையாது. அதே எடத்துல நின்னுக்கிட்டே தேயும், வளரும். ஏழு நாளைக்கு ஒரு தடவை முழுசா ஒளிரும். அன்னைக்குப் பனித்தரை பூரா மஞ்சத்தண்ணி தெளிச்ச மாதிரி ஆயிரும். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தச் சாமின்னு தெரியல. அப்புறம்..."

"அப்புறம்?"

"அழுகையா வந்துச்சு. சுடரு இதைப் பாக்கலையேன்னு. அதுலேருந்து எதைப் பாத்தாலும் அதே நெனப்புத்தான். போகணும்ங்கிற ஆசை அன்னைக்கே தீந்துபோச்சு. மிச்சம் இருந்ததெல்லாம் திரும்பணும்ங்கிறது மட்டுந்தான்."

"எனக்குத் தீரலடி," என்றது சுவர்.

தமயந்தி கண்ணைத் திறந்தாள்.

"யோசிச்சுப் பாரு. என்னைய என்னைக்குப் பிரதி எடுத்தாங்க? நீ கெளம்புறதுக்கு மொத நாள். உன் ஜென்மத்துல போகணும்னு நீ அவ்வளவு துடிச்ச நாள் வேற உண்டா? அந்தத் துடிப்போடதான் என்னைய எடுத்து இந்தச் சுவத்துல வச்சாங்க. நீ போன, பாத்த, அடங்கிட்ட. எனக்கு அது அன்னைக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கு. பத்தொன்பது வருஷமாப் பெட்டி கட்டி வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். வாசலைத் தாண்டக் காலு இல்ல. ஊரெல்லாம் என்னைய வீட்டோட இருக்குறவளாத்தான் நெனைக்குது. இந்த வீட்டுல என்னையவிட வெளியூர்க்காரி யாரும் இல்ல."

கனிமீட்டில் அத்தனை வருஷம் வீட்டை நினைத்து ஏங்கும்போதெல்லாம், வீட்டில் இருக்கிறவளாவது நிம்மதியாக இருக்கிறாள் என்றுதான் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது கோடி மைலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக, இரண்டு பேருமே அடுத்தவள் இருந்த இடத்தில் மனதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். இத்தனை பெரிய ஏக்கம் ஒரே ஒரு பெண்பிள்ளைக்குள் எப்படிக் கிடந்தது என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"ஒரே உலகத்துலதானே ரெண்டா இருக்கக் கூடாது?" என்றாள் மெதுவாக.

"அதைத்தான் நான் டாக்டர்கிட்ட கேட்டேன். நான் கனிமீட்டுக்குப் போயிட்டா சட்டத்துல தடையில்லையாம். இன்னொண்ணும் சொன்னாங்க. பூமியிலதான் நிழலுக்கு உடம்பு கெடையாது. அங்க பனியில நடந்து ஆராயுற யந்திரத்துக்கு மனசு வேணுமாம். எனக்குக் காலு கெடைக்கும்டி. ஒண்ணு ரெண்டில்ல, ஆறு."

சொல்லிவிட்டுச் சுவர் சிரித்தது. சின்னப் பெண் சிரிப்பு. ஏற்றி வைத்திருந்த கரகரப்பெல்லாம் அதில் இறங்கிவிட்டிருந்தது.

சுடரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கூடத்து நடுவில் நின்றபடி கேட்டுக்கொண்டாள். முகம் ஐந்து வயசுக்குப் போய்விட்டது.

"நீயுமா?" என்றாள். "நீயும் என்னைய விட்டுட்டுப் போறியா?"

"போன தடவை உன்னையக் கேக்காமப் போயிட்டேன்," என்றது சுவர். "இந்தத் தடவை கேக்குறேன். நீ வேண்டாம்னா இருந்துர்றேன். மனசார இருப்பேன். பொய் சொல்லல."

சுடர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்து, விஷயம் தெரிந்து, ஓரமாக உட்கார்ந்தார். காபி ஆறிப் போயிற்று. தமயந்தி மகள் பக்கத்தில் உட்காரலாமா என்று தயங்கி, முட்டி வலிக்க வலிக்க உட்கார்ந்தாள். இடைவெளி விட்டுத்தான். வெயில் சன்னல் கம்பி வழியாக இறங்கித் தரையில் நகர்ந்து மூன்று பேர் காலையும் தாண்டிப் போனது.

"அதைப் பாக்கணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா?" என்று கடைசியில் கேட்டாள் சுடர்.

"ஆமாடி."

"ஒரு தடவைகூட நீ சொன்னதில்ல."

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா?"

சுடர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரிடம் கை நீட்டித் தான் எழுதிய தாளை வாங்கிக் கிழித்தாள். "போயி, எப்பிடி இருக்குன்னு சொல்லு."

ஒரு மனதை வானத்தில் அனுப்பி முடிக்கப் பதினொரு நாள் பிடித்தது. டாக்டர் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி, அங்கே கண் விழித்த சேதி வந்ததும் இங்கே அடங்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் காலை வில்லையில் எரிந்த சின்ன வெளிச்சம் அணைந்தது. அந்த வீட்டில் முதல் தடவையாகச் சுவர் வெறும் சுவராக நின்றது. சுடர் அதில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தமயந்தி அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று மத்தியானம் இரண்டு பேரும் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தார்கள். சிறுமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பாதிச் சாப்பாட்டில் முதல் கடிதம் வந்து சேர்ந்தது. நாகு மாட்டிக் கொடுத்திருந்த சின்ன ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்துவிட்டுப் பேசியது.

"தமயந்தி, நீ பொய்க்காரி. எழுநூறு தடவை பொய் சொல்லியிருக்க. பதினஞ்சு நிலாவாம், காப்பியாம்! நீ சொன்னதுல பாதிகூட இல்லடி இது, பாதிகூட இல்ல. நான் வெளிய நிக்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள்ள இல்ல, வெளிய, பனியில. ஆறு காலும் நடுங்குது. குளிர்ல இல்ல, எனக்குக் குளிராது. சுடரு, கேக்குறியா? நான் நடந்தேன். திரும்பிப் பாத்தா என் காலடி இருக்கு. யந்திரத்துக் கால்தான், ஆனா என் காலடி."

குரல் நின்றது. மறுபடி வந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். உள்ள சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பாத்தேன். உன் கிப்ரோனோ உக்காந்திருக்கான். சாப்பிட்டு முடிச்சுட்டுத் தட்டு மூடியை நேராத் தன் பக்கமா இழுத்து மூடுறான். ரசம் அப்பிடியே எழும்பி மூக்கு, மீசை, கண்ணு பூரா. பக்கத்துல நாலு பேரு, அவங்களும் அதே மாதிரி. எல்லாரும் தொடைச்சுக்குறாங்க, சிரிக்குறாங்க. ஏன்யா இப்பிடி மூடுறீங்கன்னு கேட்டேன். தமிழம்மா ஊருக்குப் போன நாள்லேருந்து வாரத்துக்கு ஒரு வேளை இப்பிடித்தான்னு சொன்னான். இப்பிடி மூடினாத்தான் போன உறவு நம்ம பக்கம் வருமாம்."

ஒலிபெருக்கி ஓய்ந்தது. வெளியே முதல் துளிகள் விழுந்தன. சூடேறிக் கிடந்த சுவரிலிருந்து ஈர மண் வாசனை எழுந்து கூடம் முழுக்க நிறைந்தது. பத்தொன்பது வருஷமாகக் கடிதம் எழுதியவளுக்கு இந்த வாசனையைச் சொல்ல மூக்கு இருந்ததில்லை என்பது தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. இதை அவளுக்குச் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரும்.

சுடர் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் தடவை பார்ப்பது போல.

"அம்மா," என்றாள், "அத்தனை பேருக்கும் நெசமாவே நீதான் சொல்லிக் குடுத்தியா?"

தமயந்தி தலையை மட்டும் ஆட்டினாள். கை தானாக இலையின் கீழ்ப்பாதிக்குப் போய் அங்கேயே நின்றது. சுடர் எட்டி அந்தக் கையைப் பிடித்து, இலையின் மேல் விளிம்புக்கு நகர்த்தி வைத்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை.